உள்ளே செங்கல் இல்லை

உள்ளே வாருங்கள். வாசலை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள், வெளிச்சம் போகிறது. அந்த ஸ்டூலில் உட்காராதீர்கள், அது விற்றுப்போனது. இந்தப் பக்கம். பையைக் கீழே வைக்கலாம், எவனும் எடுக்க மாட்டான். மாட்டீர்களா? சரி, மடியிலேயே இருக்கட்டும். உங்கள் மடி.

என்ன வேண்டும்? மழைக்கு ஒதுங்கினீர்களா, சும்மா பார்க்கவா? காரைக்குடிக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் சும்மா பார்க்கத்தான் வருகிறார்கள். பாருங்கள். ஜாடியைத் தொடாமல் பாருங்கள்.

எது? டிவிக்குக் கீழே இருக்கிறதே, கறுப்பாக, அதுவா? அது வீடியோ கேம். விற்பதற்கில்லை.

ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்ல வேண்டிவரும். எனக்கு நீட்டிப் பேச வராது.

கேட்டுவிட்டீர்கள்.

என் பேர் அடைக்கலம். நாற்பத்திரண்டு வருடமாக இந்தத் தெருவில் பழைய சாமான் கடை. என் தொழிலுக்கு ஒரே சட்டம்தான். சுரண்டிப் பார்க்க வேண்டும். பித்தளை என்று கொண்டுவருவான். அடியில் ஒரு கீறு கீறினால் உள்ளேயிருந்து இரும்பு பல்லைக் காட்டும். தேக்கு என்பான். சாயத்தைச் சுரண்டினால் வேம்பு. இந்தக் கத்தியைப் பாருங்கள். தேய்ந்து தேய்ந்து சுண்டு விரல் அகலம் ஆகிவிட்டது. சுரண்டாமல் நான் எதையும் வாங்கியதில்லை. சுரண்டிக் காட்டாமல் விற்றதுமில்லை.

ஒரே ஒரு தடவை தவிர.

எண்பத்து நாலு. என் தங்கை பொன்னழகுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சோலைமலை, சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. சிங்கப்பூர் மாப்பிள்ளைக்குச் சீர் சும்மா வைத்தால் ஊர் பேசும். மெட்ராசுக்குப் போனேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்தில் வீடியோ டெக் வாங்கினேன். படம் போட்டுப் பார்க்கிற டெக். எங்கள் பக்கம் அப்போது அதைக் கண்ணால் பார்த்தவர்களே பத்துப் பேர் இருக்க மாட்டார்கள். அட்டைப்பெட்டி, மேலே கண்ணாடித்தாள், சீல் வைத்து இருந்தது. விற்றவன் சொன்னான், "இப்பப் பிரிச்சா மதிப்புப் போயிரும்ண்ணே. மாப்பிள்ளை கையால பிரிக்கட்டும்."

நியாயமாகத்தான் பட்டது.

மாப்பிள்ளை கையால்தான் பிரித்தார். பந்தலில், சீர் பரப்பியிருந்த சமுக்காளத்தில், முந்நூறு பேருக்கு முன்னால். பெண்டுகள் எல்லாம் படம் பார்க்க டிவிக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்தாகிவிட்டது. பெட்டிக்குள்ளே இரண்டு செங்கல். பழைய பேப்பர் சுற்றி, ஆடாமல் இருக்க வைக்கோல் திணித்து. திருட்டுப் பயல் வேலையாக இருந்தாலும் கட்டினது நன்றாகக் கட்டியிருந்தான். அதைச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு செங்கலை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "நல்ல சேம்பர் கல்லுதான்ப்பா. மச்சான் மாடி வீடு கட்டிக் குடுக்கப் போறாரு போல. இன்னிக்கு ரெண்டு வந்திருக்கு."

அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு. நான் செங்கல் மச்சான். தங்கை பிள்ளைக்குச் செங்கல் மாமா. போன வருடம் ஒரு காதுகுத்தில் மூன்று வயசுக் குழந்தை ஒன்று என்னைப் பார்த்து, "செங்கத் தாத்தா" என்றது. பேசவே இப்போதுதான் பழகுகிறது. அதற்குள் இது.

தங்கை மட்டும் ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நாற்பது வருடம். ஒரு நாளும்.

எனக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. சொல்லிவைத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எலெக்ட்ரிக் சாமானை நான் மதித்ததே இல்லை. வீடு காலி செய்கிறார்கள் என்று கூப்பிட்டால் போய்ப் பித்தளை எடுப்பேன், மரம் எடுப்பேன், பீங்கான் எடுப்பேன். ரேடியோ எடுப்பேன், மரப்பெட்டியாக இருந்தால். மற்றதெல்லாம் குப்பை. போகிக்கு முந்தின வாரம் தெருத்தெருவாக வெளியே வந்து கிடக்கும். வாக்மேன், டிவி கேம், அதன் கேசட், பிள்ளைகள் கையில் பிடித்து அமுக்குகிற ஜாய்ஸ்டிக். மூட்டை கட்டிக்கொண்டு வந்து உடைப்பேன். போர்டு தனி, ஒயர் தனி, பிளாஸ்டிக் தனி. கிலோவுக்குப் போட்டுவிடுவேன். எத்தனை உடைத்திருப்பேன்? ஒரு லாரி இருக்கும். நினைக்க வேண்டாம். நினைத்தால் மாத்திரை போட வேண்டும்.

போன வருடம் பெங்களூரிலிருந்து ஒருவன் வந்தான். பிரணவ் என்று பேர். கம்ப்யூட்டர் வேலை, அரைக்கால் சட்டை. தேக்கு ஊஞ்சலைப் பார்க்கவில்லை. தஞ்சாவூர்ப் படத்தைப் பார்க்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து அந்த பீரோவுக்கு அடியில் பார்த்தான். பீரோ ஆடாமல் இருக்க அதன் காலுக்கு ஒரு டிவி கேம் கேசட்டை முட்டுக் கொடுத்திருந்தேன்.

"அங்கிள், இது எவ்வளவு?"

"பீரோவா? முப்பதாயிரம்."

"பீரோ இல்ல அங்கிள். கீழ இருக்கறது."

கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். "மூவாயிரம்" என்றேன். எடுத்துக் கொடுத்துவிட்டான். பேரமே இல்லை. பீரோ இன்றுவரை ஆடுகிறது.

அவனை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். நாம் தூக்கிப் போடுகிறோமே, அதைத் தேடி வாங்குகிறவன் ஊர் ஊராக இருக்கிறானாம். சின்ன வயசில் வாங்கித் தராத அப்பன் எல்லோருக்கும் இருந்திருக்கிறான் போல. ஜப்பான்காரன் செய்த அசல் என்றால் ஒரு விலை. அட்டைப்பெட்டி, உள்ளே வைத்த புத்தகம் எல்லாம் இருந்தால் ஐந்து மடங்கு. "பிரிக்கவே பிரிக்காததுன்னா அங்கிள்..." என்றவன் சொல்லை முடிக்காமல், கோயில் வாசலைத் தாண்டுகிறவன் மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் இதைச் சொன்னேன். பீரோ முட்டு மூவாயிரத்துக்குப் போனதைச் சொன்னேன். பொன்னழகு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அண்ணே, மதிக்கு வாங்கின பெட்டி நம்ம பீரோ மேல கெடக்கேண்ணே."

மதி அவள் மகன். மதியழகன். அவன் பத்தாம் வகுப்புக்குப் போன வருடம் சோலைமலை லீவில் வந்தார். வரும்போது ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு குதித்தான். அப்பன் பிடுங்கிப் பீரோ மேல் வைத்தார். "பத்தாவதுல முந்நூறு வாங்கு. ஃபர்ஸ்ட் கிளாஸ். அன்னிக்குப் பிரிப்போம்."

பயல் வாங்கினது இருநூற்றுத் தொண்ணூற்றி ஏழு.

"மூணு மார்க்குதானே மாப்பிள்ளை, விடுங்களேன்" என்றேன்.

"மூணுன்னா மூணுதான் மச்சான். நீங்க ரெண்டு செங்கல்ல ஏமாந்த மாதிரி நான் மூணு மார்க்குல ஏமாற முடியுமா?"

அடுத்துப் பிளஸ் டூவில் பார்க்கலாம் என்றார். அதுவும் வரவில்லை. அப்புறம் எவனும் கேட்கவில்லை. பெட்டி அங்கேயே இருந்தது. இருபத்தைந்து வருடம். வெள்ளிக்கிழமை தோறும் தங்கை துணியால் தூசி தட்டுவாள். அப்பன் சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பனும் மகனும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். "கரண்ட் வந்திருச்சா", "கேட்டைப் பூட்டியாச்சா", அவ்வளவுதான் பேச்சு.

மதிக்கு இப்போது முப்பத்தொன்பது வயசு. குட்டியானை ஓட்டுகிறான். யானை இல்லை, சின்ன லோடு வண்டி. வேறு ஒருத்தர் வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே ஓனர் பிள்ளைகள் பேர் எழுதியிருக்கும். இவனுக்கு ஒரு பெண், யாழினி. அந்தக் குழந்தைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும் கேட்டிருக்கிறது, "நம்ம வண்டியில ஏம்ப்பா என் பேர் இல்ல?" அன்றிலிருந்து பழைய வண்டி ஒன்று சொந்தமாக வாங்க அலைந்துகொண்டிருந்தான். தேவகோட்டையில் ஒன்று அமைந்தது. வண்டிக்காரன் மூன்று லட்சத்து எண்பதாயிரம் சொன்னான். திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன் என்றான்.

பெட்டியைப் போட்டோ எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பிய கையோடு பிரணவ் கூப்பிட்டான். "அங்கிள், யாரும் தொடாதீங்க. துடைக்காதீங்க. வெயில்ல வைக்காதீங்க."

"மூச்சு விடலாமா?" என்றேன்.

"நாலு லட்சம் தரேன் அங்கிள். சீல் அப்படியே இருக்கணும்."

நாலு லட்சம். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. பணத்துக்காக இல்லை. அதில் ஒரு பைசா எனக்கு வேண்டாம் என்று தங்கையிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். வண்டி வரும். வண்டியில் யாழினி பேர் இருக்கும். அது யாரால் வந்தது என்று ஊர் கேட்கும். அப்புறம் எவன் சொல்வான் செங்கல் மச்சான் என்று? அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இங்கே வந்தார்கள். சோலைமலை இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில். மதி லோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு. தங்கை பெட்டியைத் தலையணை உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாள். நீங்கள் இப்போது பையை வைத்திருக்கிறீர்களே, அதே மாதிரி.

பெங்களூரிலிருந்து வந்திறங்கிய பிரணவ் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டான். டார்ச் அடித்து அந்தக் கண்ணாடித்தாள் ஒட்டுகிற இடத்தை மட்டும் அரைமணி நேரம் பார்த்தான். எங்கள் தெருவில் வைரத்தோட்டைக்கூட எவனும் அப்படிப் பார்த்ததில்லை. நிமிர்ந்தான். கண் பளபளவென்று இருந்தது. மதியைப் பார்த்து, "அண்ணா, உங்க நம்பருக்கே அனுப்பிடவா?" என்றான். மதி போனைச் சட்டையில் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. நாலு லட்சம் கொடுக்கிறவன் தாளைப் பார்க்கிறான், உள்ளே பார்க்கவில்லை. எந்த ஊர் வியாபாரம் இது?

"தம்பி, உள்ள பாக்க வேணாமா?"

"ஐயோ, வேணாம் அங்கிள். பிரிச்சா மதிப்புப் போயிரும்."

இந்த வார்த்தையை நான் எங்கே கேட்டேன் என்று உங்களுக்கே தெரியும்.

சும்மா இருந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், சும்மா இருந்திருப்பேன். சோலைமலை தொண்டையைச் செருமினார்.

"தம்பி, பாத்துப்பா. எங்க மச்சான் கடையில போய் சீல் வெச்ச பெட்டி வாங்குறே. பெங்களூர்ல மனை இருக்குல்ல? இல்லேன்னா கல்லை எங்க அடுக்குவே?"

மதி சிரித்துவிட்டான். பக்கத்துக் கடைக்காரன் வேடிக்கை பார்க்க வந்தவன், அவனும் சிரித்தான். பிரணவுக்கு ஒன்றும் புரியவில்லை, மரியாதைக்கு அவனும் சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே" என்றாள்.

கத்தி மேசையில்தான் இருந்தது.

ஒரே கீறு. நானே சொல்லக் கூடாது, நல்ல கீறு. அட்டையில் ஒரு கோடு விழவில்லை. நாற்பது வருடக் கை. தாளை உரித்துப் போட்டேன். மூடியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன்.

"பாத்துக்குங்க. எல்லாரும் பாத்துக்குங்க மாப்பிள்ளை. செங்கல் இல்ல. சாமான்! அம்புட்டும் சாமான்!"

பிரணவ் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். பீரோவுக்கு அடியில் இன்னும் ஏதோ பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அழுதுகொண்டிருந்தான்.

"ஏன் அங்கிள்?"

"நேர்மை, தம்பி."

மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நாற்பதாயிரம் தருகிறேன் என்றான். அநியாயம் பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபோது நாலு லட்சம். உள்ளே நல்ல சரக்கு என்று கண்ணால் பார்த்த பிறகு நாற்பதாயிரம். தெரிந்த பிறகு விலை ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள். நான் நாலரை கேட்டேன். அவன் கையுறையைக்கூட மறந்துவிட்டுப் போய்விட்டான். அதோ, குத்துவிளக்கு துடைக்க வைத்திருக்கிறேன்.

சோலைமலை மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருபத்தஞ்சு வருசம்" என்றார். "எம் புள்ள பிரிச்சிருந்தாலாவது..." என்றவர் மகன் முகத்தைப் பார்த்தார். பார்க்கக் கூடாத இடத்தில் பார்த்துவிட்டவர் மாதிரி உடனே வேட்டியைச் சரிசெய்தார்.

மதி மேசைக்குக் கிட்டே வந்து சாமானை ஒவ்வொன்றாகத் தொட்டான். ஒரு விரலால். அவன் போன் அடித்தது. தேவகோட்டைக்காரன். அடித்து நிற்கும்வரை விட்டுவிட்டு, "மாமா, ரெண்டு ஜாய்ஸ்டிக் இருக்கு" என்றான். அவ்வளவுதான்.

தங்கை தலையணை உறையை நாலாக மடித்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அண்ணே. நாப்பது வருசமா நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இன்னிக்குச் சொல்றேன். உள்ள செங்கலே இருந்திருந்தாலும் அது நாலு லட்சம்ண்ணே."

போய்விட்டாள்.

இதற்கு என்ன அர்த்தம்? எட்டு மாதமாக யோசிக்கிறேன். செங்கல் எப்படி நாலு லட்சம் ஆகும்? சேம்பர் கல் இன்றைக்கும் பன்னிரண்டு ரூபாய்தான். வருத்தத்தில் ஏதோ சொல்லிவிட்டாள் பாவம். அதிலிருந்து பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கறிக்குழம்பு கொடுத்துவிடுவாள், அதுவும் நின்றது. தேவகோட்டை வண்டியை வேறு எவனோ வாங்கிவிட்டான். மதி இன்னும் ஓனர் வண்டிதான் ஓட்டுகிறான். அந்தக் குழந்தை என் கடைக்கு வந்தால் என்னைப் பார்க்காமல் ஜாடியைப் பார்க்கிறது.

மிஷினை எடுத்துக்கொண்டு போடா என்றேன் மதியிடம். உன் சாமான்தானே. "இங்கயே இருக்கட்டும் மாமா" என்றான். ஞாயிறு மத்தியானம் வருவான். அந்த டப்பா டிவியில் மாட்டுவான். கார் ஓடும், குரங்கு குதிக்கும், எனக்கு ஒன்றும் விளங்காது. முப்பத்தொன்பது வயசு ஆள், நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடுவான்.

மூன்றாவது வாரம் சோலைமலை வந்தார். பூட்டு ஒன்று வாங்க வேண்டும் என்றார். என் கடையில் அவர் ஒரு ஆணிகூட வாங்கினதில்லை. நான் பூட்டைத் தேடி எடுத்துத் திரும்பினால் மகன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கையில் வைத்திருக்கிறார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

இப்போது வாரம் தவறுவதில்லை. மதி ஒரு மிக்சர் பாக்கெட் வாங்கி வந்து டிவிக்கு மேலே வைப்பான், அது பழசாகிப்போனால் இன்னொன்று. "முந்நூறு பாயிண்ட் எடுங்கப்பா. அப்பப் பிரிப்போம்." அப்பன் எடுத்த பாடில்லை. போன வாரம் இருநூற்றுத் தொண்ணூறுக்கு வந்து செத்தார். "பத்துதானேடா, விடேன்" என்று கெஞ்சுகிறார். "பத்துன்னா பத்துதான்ப்பா" என்கிறான் அவன். எட்டு மாதத்தில் நாலைந்து பாக்கெட் அப்படியே கிடக்கிறது. கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள்? நான். அதை ஒருத்தனும் கேட்பதில்லை. போன மாதம் மதுரைக்காரன் ஒருவன் அம்பதாயிரம் தருகிறேன் என்றான். மதியிடம் சொன்னேன். டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அப்பா முந்நூறு எடுக்கட்டும் மாமா" என்றான். அதனால்தான் விற்பதற்கில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இப்போது எவனும் என்னைச் செங்கல் மச்சான் என்று சொல்வதில்லை. நான் சொன்னது நடந்ததா இல்லையா? நாலு லட்சம் மச்சான் என்கிறார்கள். கௌரவமான பேர்தான்.

மழை விடுகிற மாதிரி இல்லை. சரி, என் கதை போகட்டும். வந்ததிலிருந்து பார்க்கிறேன், பையை இறக்கவே இல்லையே. என்ன அது? விலை கேட்கத்தானே வந்தீர்கள்? எனக்குத் தெரியாதா? காட்டுங்கள்.

வாக்மேனா? அப்பா வாங்கி வைத்ததா? அட, கண்ணாடித்தாள்கூடப் பிரியவில்லையே. நல்ல பொருள். பெங்களூர்க்காரன் நம்பர் இருக்கிறது, அவன் எடுக்காவிட்டால் வேறு ஆள். நல்ல விலை வாங்கித் தருகிறேன். கவலையே படாதீர்கள். உள்ளே இருக்கிறதா என்று மட்டும் ஒரு தடவை பார்த்துவிடுவோம். ஏமாறக் கூடாது பாருங்கள். கத்தி... இங்கேதானே வைத்தேன்...

எங்கே எழுந்துவிட்டீர்கள்?

தம்பி! மழை பெய்கிறது! பெட்டி நனையும், தம்பி!